முதல் வரிசையும் கடைசி வரிசையும்

மூலக்குளம், புதுச்சேரி
18-8-1974

அன்புத் தம்பி வேம்புவுக்கு,

அக்கா ஜெயம் எழுதுவது. நான், அம்மா, உன் மாமா மூன்று பேரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள். பெங்களூரில் இருக்கிறவன் இளைத்தது இங்கே எப்படித் தெரியும் என்று கேட்டேன். உன் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எழுத்து இளைச்சிருக்குது பாரு" என்கிறாள். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதவளிடம் இதற்கு மேல் என்ன வாதாடுவது?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நாம் இருக்கிற நட்சத்திரக் கூட்டம் பால்வீதி. பக்கத்து வீடு மாதிரி இருக்கிற இன்னொரு கூட்டம் ஆண்ட்ரோமெடா. இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் எவ்வளவு ஈர்ப்பு என்று நீ கணக்குப் போட வேண்டும். உங்கள் இன்ஸ்டிடியூட் கம்ப்யூட்டர் ரிப்பேர், வெளிநாட்டிலிருந்து சாமான் வர வேண்டும். ஜனவரியில் பேராசிரியர்கள் முன்னால் நின்று கணக்கைக் காட்டாவிட்டால் உன் ஃபெல்லோஷிப் நின்றுவிடும், நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இதை ஏன் நான்கு பக்கம் புலம்பி எழுதினாய்? மில் டெஸ்டிங் ரூமில் எட்டு வருஷமாக நான் என்ன செய்கிறேன்? நூலின் பலத்தை அளந்து, கைப்பிடி சுற்றுகிற கணக்கு மிஷினில் பெருக்கி வகுத்துக் கூட்டுகிறேன். உன் கணக்கில் பெருக்கல், வகுத்தல், கூட்டலைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் மட்டும் எனக்குத் தெரியாது. இல்லையென்றால் அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஜெயம்


பெங்களூர்
29-8-1974

அன்புள்ள அக்காவுக்கு,

வேம்பு வணக்கம். ஹாஸ்டல் சாப்பாடு பழகிவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவிடம் என் பேனா முனைதான் தேய்ந்துவிட்டது என்று சொல். மாமாவை விசாரித்ததாகவும் சொல்.

விளையாட்டாகச் சொன்னாயா, நிஜமாகவா என்று இரண்டு நாள் யோசித்தேன். நிஜம் என்றே எடுத்துக்கொண்டு டேபிள்களை இத்துடன் அனுப்புகிறேன். பெருக்கல், வகுத்தல், கூட்டல் தவிர ஒன்றுமில்லை.

ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டத்தையும் நடுவிலிருந்து ஓரம் வரை இருபது வட்டமாக வெட்டியிருக்கிறேன். டேபிளில் முதல் வரிசை நடு வட்டம், கடைசி வரிசை ஓர வட்டம். ஒவ்வொரு வட்டமும் ஆறு துண்டு. ஒவ்வொரு துண்டின் நிறையையும் தூரத்தையும் நானே எழுதியிருக்கிறேன். நீ தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி, அதனால் நிறையை வகுக்க வேண்டும். அவ்வளவுதான் நியூட்டன். பால்வீதிக்கு ஒரு பத்தி, ஆண்ட்ரோமெடாவுக்கு ஒரு பத்தி. இப்படி இரண்டுக்கும் நடுவே பதினைந்து இடத்தில் போட வேண்டும்.

"ஐன்ஸ்டைன் வந்த பிறகும் நியூட்டனா" என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். இழுப்பு இவ்வளவு மெலிதாக இருக்கும்போது இரண்டு கணக்கும் ஒரே விடைதான் தரும் என்கிறார் எங்கள் புரொபசர்.

மொத்தம் மூவாயிரத்து அறுநூறு வகுத்தல் அக்கா. எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முடியாது என்றால் ஒரு கார்டு போடு, தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். செமினார் ஜனவரி 17.

பாசமுள்ள தம்பி,
வேம்பு


மூலக்குளம்
6-10-1974

அன்புத் தம்பிக்கு,

இங்கே ஒரு குறையுமில்லை. மழை பிடித்துக்கொண்டது. மாமாவுக்குச் சளி, இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறார். நீ கம்பளி போர்த்திக்கொள்கிறாயா?

பாதி முடித்துவிட்டேன். ஏழு இடம் போட்டாயிற்று, எட்டு பாக்கி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஷிப்டு முடிந்த பிறகு ஒரு அரை மணியும் போடுகிறேன். எங்கள் ரூமுக்குப் பொறுப்பு முசே தேவதாஸ், உனக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரன் காலத்துப் படிப்பு, பிரெஞ்சுக்காரன் காலத்துத் தொப்பி. ஐயா என்றால் திரும்ப மாட்டார், முசே என்றால்தான் திரும்புவார். மிஷினைத் தருவதற்கு மூன்று கண்டிஷன் போட்டார். தினமும் துடைக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் விட வேண்டும். கைப்பிடியை மெதுவாகச் சுற்ற வேண்டும். நான் சுற்றச் சுற்ற, கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறவர் "தூஸ்மான், தூஸ்மான்" என்கிறார். மெதுவாக என்று அர்த்தமாம். தூங்குகிறார் என்று நினைத்து ஒருநாள் வேகமாகச் சுற்றினேன், தூக்கத்திலேயே சொன்னார்.

தாளுக்குக் கஷ்டமில்லை. பழைய டெஸ்ட் ஷீட்டுகளின் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது. ஆனால் எந்த ஷீட்டும் முசே கையெழுத்து இல்லாமல் அந்த ரூமை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அதனால் உன் பால்வீதியிலும் ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழே பார்த்து, தலையாட்டி, கையெழுத்துப் போடுகிறார். "என்ன கவுண்ட் நூலு இது?" என்று ஒருநாள் கேட்டார். "ரொம்ப மெல்லிசு முசே" என்றேன். தலையாட்டினார்.

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். ராத்திரிச் சோறு போட்டுக்கொண்டே உன் கணக்கைச் சொன்னேன். இரண்டு பக்கத்து இழுப்பும் சமமாகிற இடம் ஒன்று இருக்கிறது, தம்பி அதைத்தான் தேடுகிறான் என்றேன். "அந்த எடத்துல ஒருத்தன நிக்கவெச்சா அவன் எந்தப் பக்கம் போவான்?" என்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடனே எழுது, தினமும் கேட்கிறாள்.

அக்கா,
ஜெயம்


பெங்களூர்
21-10-1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரூமில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து ரூம்காரர் வந்து எட்டிப் பார்த்தார். மாமாவின் சளி குறைந்ததா? எனக்குக் கம்பளி இருக்கிறது, போர்த்திக்கொள்கிறேன்.

அம்மாவின் கேள்வியைப் புரொபசரிடமே சொன்னேன். நல்ல கேள்வி என்றார். அம்மாவுக்குச் சொல்: அங்கே நிற்கிறவன் எந்தப் பக்கமும் போக மாட்டான், நின்றபடியே நிற்பான். ஆனால் யாராவது ஒரு விரலால் லேசாகத் தள்ளினால் போதும். தள்ளிய பக்கத்து இழுப்பு கொஞ்சம் கூடிவிடும். பிறகு அந்தப் பக்கமே போய்க்கொண்டிருப்பான்.

எவ்வளவு மெல்லிய இழுப்பு என்று உனக்குச் சொல்கிறேன். ஆண்ட்ரோமெடாவே இல்லை, பால்வீதி மட்டும்தான் அவனை இழுக்கிறது என்று வைத்துக்கொள். முதல் நாள் முழுவதும் அவன் நகர்வது ஒரு மில்லிமீட்டர். ஒரு வருஷம் முடியும்போது நூற்றைம்பது மீட்டர் வந்திருப்பான். நம் மில் கேட்டிலிருந்து முக்கு டீக்கடை வரைக்கும். அவன் வர வேண்டிய தூரமோ வெளிச்சமே வந்து சேர லட்சக்கணக்கான வருஷம் ஆகிற தூரம். இவ்வளவு மெலிதான ஒன்றை நீ எண்ணெய் போட்ட மிஷினில் சுற்றிச் சுற்றி எடுக்கிறாய். நினைத்தால் எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

தீபாவளிக்கு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. செமினார் முடிந்ததும் வருகிறேன்.

தம்பி,
வேம்பு


மூலக்குளம்
22-12-1974

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். முடித்துவிட்டேன்.

பதினைந்து இடத்துக்கும் கூட்டுத்தொகையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். டெஸ்ட் ஷீட்டுகளை அனுப்பவில்லை. எடை அதிகம், தபாலில் நைந்துவிடும். அலமாரியில் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டு இழுப்பும் சமமாகிற இடம் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் வருகிறது. நீ சொல்லிக்கொடுத்தபடி பங்கு பிரித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு லட்சம் ஒளியாண்டுத் தூரத்தில், நம் பக்கத்திலிருந்து ஒன்பது லட்சத்துப் பத்தாயிரம் ஒளியாண்டில் இருக்கிறது. அந்த எண் மிஷினில் வந்து நின்றபோது முசே தேவதாஸை எழுப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "த்ரே பியன்" என்றார். ரொம்ப நன்று என்று அர்த்தம். மில்லில் பதினெட்டு வருஷம் தறி ஓட்டிய நம் அப்பா இருந்திருந்தால், பெண் மில்லில் உட்கார்ந்து வானத்தை அளந்தாள் என்று முதலியார்பேட்டை முழுக்கச் சொல்லியிருப்பார்.

அம்மா உன் பதிலைக் கேட்டாள். "அப்ப அவன நம்ம பக்கமா தள்ளிவுடச் சொல்லு" என்றாள்.

பதினேழாம் தேதி நாங்கள் மூன்று பேரும் உன்னையே நினைத்துக்கொண்டிருப்போம். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போ.

அக்கா,
ஜெயம்


பெங்களூர்
2-2-1975

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

செமினார் முடிந்தது. எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். நிறையக் கேள்வி கேட்டார்கள். சட்டை இஸ்திரி போட்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. ஆனால் வரிசை நீளம். எனக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் இடம் கிடைக்கிறது. அதனால் வேலை கொஞ்சம் அதிகம், இப்போதைக்கு ஊருக்கு வர முடியாது.

இங்கே குளிர் குறைந்துவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாமாவுக்கு வணக்கம்.

வேம்பு


மூலக்குளம்
23-2-1975

தம்பி வேம்புவுக்கு,

நாங்கள் சுகம்தான். உன் கடிதத்தில் அம்மாவின் முழங்காலை இரண்டு தடவை விசாரித்திருக்கிறாய். ஃபெல்லோஷிப் என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. என் கணக்கைப் பற்றியும் ஒரு வரி இல்லை. பாராட்டுக்காகக் கேட்கவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், நீ எதை மறைத்தால் எதைப் பற்றி அதிகமாகப் பேசுவாய் என்று தெரியும். பரீட்சையில் கோட்டைவிட்ட அன்றைக்கெல்லாம் வீட்டு ஆட்டுக்குத் தழை போட்டாயா என்று கேட்டுக்கொண்டே வருவாய்.

அம்மாவும் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த வாரம் மாசிமகம். வைத்திக்குப்பத்துக்குச் சாமி பார்க்கப் போகிறோம். எங்கள் ரூமுக்கு ஜரினா என்று ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி, எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறாள். அவளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதில் பொழுது போகிறது.

உள்ளதை எழுது. நல்லதோ கெட்டதோ, நான்கு வரி போதும்.

ஜெயம்


மூலக்குளம்
14-3-1975

வேம்புவுக்கு,

நீ பதில் போடவில்லை. இனி போடவும் வேண்டாம், விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் இதைப் படி.

போன மாதக் கடைசியில் ஜரினாவுக்கு டெஸ்ட் ஷீட் எழுதக் காட்டிக்கொண்டிருந்தேன். இருபது ரீடிங் எடுத்தாள். "மொத ரீடிங்கயும் கடைசி ரீடிங்கயும் சிவப்பு பென்சில்ல அடிச்சிட்டு மீதிய கூட்டு" என்றேன். "ஏன்க்கா?" என்றாள். "நூல் சுத்தின கோனுல மேல் சுத்து பத்துப் பேரு கை பட்டு அழுக்காயிருக்கும். அடிச் சுத்து நசுங்கியிருக்கும். ரெண்டையும் நம்பக் கூடாது. நாங்க எப்பவும் அடிச்சிடுவோம்" என்றேன்.

எப்பவும் என்று என் வாயால் நானே சொன்னேன் தம்பி.

அலமாரியைத் திறந்து உன் ஷீட்டுகளை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே தெரிந்தது. முதல் வரிசை மேல் சிவப்புக் கோடு. கடைசி வரிசை மேல் சிவப்புக் கோடு. கீழே முசே தேவதாஸின் கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான். எட்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போட்டிருக்கிறது. நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. கோடு இல்லாமலிருந்தால்தான் அவர் கேட்டிருப்பார். பால்வீதியின் நடுவையும் ஓரத்தையும், ஆண்ட்ரோமெடாவின் நடுவையும் ஓரத்தையும் அழுக்கு நூல் என்று நான் தூக்கி எறிந்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மாமா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். சொன்னேன். "தப்பு எங்கன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சிது, அழுவாம மீதியப் பாரு" என்றார். நியாயம்தானே. முழுவதையும் திரும்பப் போட வேண்டியதில்லை. விட்டுப்போன வரிசைகளை மட்டும் போட்டு, பழைய தொகையோடு சேர்த்தால் போதும். முந்நூற்று அறுபது வகுத்தல். ஒன்பது நாளில் முடித்தேன். ஜரினா ஒவ்வொன்றையும் என் பின்னால் நின்று சரிபார்த்தாள்.

கணக்கில் சேர்ந்த வரிசைகளின் நிறையைக் கூட்டிப் பார்த்தேன். பால்வீதிக்கு முன்பு 14,400 கோடி சூரியன் வந்திருக்கிறது, இப்போது 16,000 கோடி. ஆண்ட்ரோமெடா முன்பு 28,900 கோடி, இப்போது 36,000 கோடி. உன் டேபிளின் அடியில் நீ எழுதியிருக்கிற மொத்தமும் இதுவேதான். அதை அன்றைக்கே ஒத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இழுப்பு சமமாகிற இடம் எட்டு லட்சத்து எண்பதாயிரம் ஒளியாண்டு. என் கைப்பழக்கத்தால் முப்பதாயிரம் ஒளியாண்டு தள்ளிப் போயிருக்கிறது.

புதுத் தொகைகளையும், சிவப்புக் கோடு போட்ட ஷீட்டுகள் அத்தனையையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவற்றைக் கொண்டுபோய் உன் புரொபசரிடம் காட்டு. தப்பு செய்தது நான், நீ இல்லை என்று சொல். சொல்லவில்லையென்றால் நானே எழுதுவேன். இங்கிலீஷில் எழுத எனக்கு ஆள் இருக்கிறது.

அக்கா


பெங்களூர்
23-3-1975

என் அருமை அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சரியில்லாமல் இருந்தது. தபால்காரர் உன் கட்டைக் கொடுத்ததும் வாசலிலேயே பிரித்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை.

பதினேழாம் தேதி பேசி முடித்து உட்காரப் போகும்போது புரொபசர் ஒரு கேள்வி கேட்டார். "கடைசி இடத்து இழுப்பைத் தூரத்தால் இரண்டு தடவை பெருக்கு. மொத்த நிறை வருகிறதா பார்" என்றார். போர்டில் போட்டேன். பதினாறு வர வேண்டிய இடத்தில் பதினாலரைகூட வரவில்லை. ஆண்ட்ரோமெடாவுக்கு இன்னும் மோசம். "மீதி எங்கே போச்சு?" என்றார். கணக்கு யார் போட்டது என்று ஒருவர் கேட்டார். நான்தான் என்றேன்.

உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மட்டுமில்லை அக்கா. மூன்று மாதம் சாப்பாட்டு நேரத்தை எனக்குக் கொடுத்தவளிடம் போய், எங்கேயோ தப்பு என்று எப்படிச் சொல்வேன்? டேபிளின் மொத்தத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டியது என் வேலை. நீ போட்டது என்பதால் பார்க்கவில்லை. ஏப்ரல் 11 வரை தவணை கொடுத்தார்கள். அதற்குள் முழுவதையும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு உனக்கு நல்ல செய்தியாகவே எழுதலாம் என்று நினைத்தேன். கணக்கைக் கம்ப்யூட்டருக்கான கார்டில் துளையாகப் போட்டுக் கொடுப்பேன், ஒரு வாரம் கழித்து எங்கோ பிழை என்று திரும்பி வரும். ஆறு வாரம் இப்படியே போய்விட்டது. பெட்டியைக்கூடத் தூசி தட்டி வைத்திருந்தேன்.

இப்போது உன் தொகைகளை நான்கு தடவை சரிபார்த்தேன். ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை.

ஷீட்டுகளைப் புரொபசரிடம் காட்டுவதா என்று தெரியவில்லை. திருத்தியாயிற்று, இனி எதற்கு?

தம்பி,
வேம்பு

(பின்குறிப்பு: பெட்டியைத் தூசி தட்டியதை அம்மாவிடம் சொல்லாதே.)


பெங்களூர்
20-4-1975

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, மாமா, நீ எல்லோரும் சந்தோஷமாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஃபெல்லோஷிப் இன்னும் இரண்டு வருஷத்துக்கு உறுதியாகிவிட்டது.

உன் கார்டு வந்தது. "காட்டு. இல்லையென்றால் பஸ் ஏறி வருகிறேன்" என்று ஒரே வரி எழுதியிருந்தாய். சொன்னதைச் செய்கிறவள் என்று தெரியும், அதனால் பதினோராம் தேதி பேசுவதற்கு முன்பே ஷீட்டுகளைக் கொண்டுபோய்ப் புரொபசர் மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பின்பக்கம் திருப்பி நூல் டெஸ்ட்டையும் படித்தார். பிறகு, "முதலையும் கடைசியையும் ஏன் அடிப்பார்கள்?" என்றார். நீ ஜரினாவுக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் சிரித்தார் அக்கா. கேலியாக இல்லை. "மில்காரர்கள் விவரமானவர்கள்" என்றார். "நமக்கும் அந்த இரண்டு வரிசையைப் பற்றித்தான் சரியாகத் தெரியாது. நடுவைத் தூசி மறைக்கிறது. ஓரம் மங்கிக் கிடக்கிறது. அவர்கள் நம்ப முடியாததை அடித்துவிடுகிறார்கள். நாம் அடிக்காமல், பக்கத்தில் சந்தேகம் என்று எழுதி வைக்க வேண்டும்." ஓரத்து நட்சத்திரங்கள் கணக்குக்கு மீறிய வேகத்தில் சுற்றுவதாக வெளிநாட்டில் அளந்திருக்கிறார்களாம். கடைசி வரிசைக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத நிறை இன்னும் இருக்கலாம் என்கிறார்.

கட்டுரை அச்சுக்குப் போகும்போது கணக்குப் போட்டவர் என்று உன் பெயரைப் போட வேண்டும் என்பது அவர் கட்டளை. என் ஆசையும் அதுதான். சரி என்று எழுது.

வேம்பு


மூலக்குளம்
4-5-1975

அன்புத் தம்பிக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆனால் வீட்டில் கல்யாணக் களைதான். அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, "இப்பத்தான் எழுத்து தேறியிருக்குது" என்றாள். பெட்டி விஷயத்தையும் சொல்லிவிட்டேன், என்னால் அடக்க முடியவில்லை.

பெயர் விஷயம். நன்றாக யோசித்தேன். முதலில் வேண்டாம் என்று எழுத நினைத்தேன். பிறகு, ஏன் வேண்டாம்? மூவாயிரத்து அறுநூறு வகுத்தல் போட்டிருக்கிறேன், எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் ஒன்று. பெயரைப் போட்டால் தப்பையும் போட வேண்டும். எங்கள் ரூமில் ஷீட்டில் ஒரு எண்ணைத் திருத்தினால் பழைய எண் தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டுத்தான் திருத்த வேண்டும். சுரண்டி அழிக்கக் கூடாது. அழித்தால் வேலை போய்விடும். உங்கள் இன்ஸ்டிடியூட்டில் எப்படியோ, நான் மில்காரி.

சரி என்றால் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம், வருத்தமில்லை.

அக்கா,
ஜெயம்


மூலக்குளம்
7-3-1976

அன்புத் தம்பி வேம்புவுக்கு,

அக்கா, அம்மா, மாமா எல்லோரும் உன் புண்ணியத்தில் நலம். பொங்கலுக்கு வந்துபோனபோது நீ மறந்துவிட்ட துண்டை அம்மா துவைத்து வைத்திருக்கிறாள், கொடுத்தனுப்ப மனசில்லை.

அச்சடித்த கட்டுரை வந்து சேர்ந்தது. கவரைப் பிரித்ததும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒரே இங்கிலீஷும் எண்ணுமாக இருந்தது. எட்டு லட்சத்து எண்பதாயிரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் நம் கட்டுரை என்று தைரியம் வந்தது. மில்லுக்கு எடுத்துப் போனேன். ஜரினாதான் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தைக் கண்டுபிடித்தாள். முசே தேவதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று படித்து, தமிழில் சொன்னார்: "இக்கணக்கின் முதல் வடிவில் ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டத்தின் முதல் வட்டமும் கடைசி வட்டமும் விடுபட்டிருந்தன. பிழையைக் கண்டறிந்து திருத்தியவர், கணக்கு முழுவதையும் செய்த புதுச்சேரி ஆ. ஜெயம்."

விட்டவர் யார் என்று அதில் இல்லை. திருத்தியவர் என்றுதான் இருக்கிறது. இது உன் வேலையா, புரொபசர் வேலையா? தப்பையும் போடு என்றுதான் சொன்னேன், போட்டிருக்கிறீர்கள், நான் சண்டை போட வழியில்லை. பிறகு முசே பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். இதை மறைக்க மாட்டேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவின் பெயர் எங்கே என்று கேட்டாள். என் பெயருக்கு முன்னால் இருக்கிற 'ஆ'தான் ஆதிமூலம் என்று காட்டினேன். விரலால் அதைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், "நடுவுல நிக்கிறானே அந்த ஆளு, இப்ப நம்ம பக்கமா முப்பதாயிரம் கிட்ட வந்துட்டான் இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். எல்லாவற்றிலும் அவளுக்கு இதுதான் திருப்தி.

கடைசி வரிசைக்கு வெளியே இன்னும் ஐந்து வட்டம் சேர்த்துப் பார்க்க வேண்டும், முதலில் நான் போட்டுப் பிறகு கம்ப்யூட்டர் சரிபார்க்கட்டும் என்று புரொபசர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். டேபிளை அனுப்பு. அடியில் மொத்தத்தை எழுத மறக்காதே, முடித்ததும் முதல் வேலையாக ஒத்துப் பார்ப்பேன். மிஷினுக்கு நேற்றுத்தான் எண்ணெய் விட்டேன். மத்தியானம் நான் உட்காருகிற நேரத்தில் என் சிவப்புப் பென்சிலை ஜரினா வாங்கி வைத்துக்கொள்வதாகப் பேச்சு.

அன்புடன் அக்கா,
ஆ. ஜெயம்